இரண்டு விளக்கு அதிகம்

என்னைக் கல் என்கிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள். புருஷனையும் அண்ணனையும் ஒரே படகில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவளை வேறு எப்படிச் சொல்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, மாசி மாதத்திலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கோபுரம் ஏறுகிறேன்.

என் பெயர் டெல்பின். செவிக்கோபுரத் திட்டத்தில் அளவு சேர்ப்பவள். அது என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலில் எல்லைக் கோட்டுத் தகராறு முற்றிப்போன வருடத்திலிருந்து இரு கரை அரசாங்கங்களும் கடலுக்கு மேல் செயற்கைக்கோள் சிக்னல் எதையும் வேலை செய்ய விடுவதில்லை. இவர்களும் அமுக்குகிறார்கள், அவர்களும் அமுக்குகிறார்கள். கரையை விட்டு மூன்று கிலோமீட்டர் போனால் ஜி.பி.எஸ். வெறும் பெட்டி. சேட்டிலைட் போன் வைத்திருந்தால் சிறை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு படகுக்கும் ஒரு 'குருவி' கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் படகின் எண்ணைச் சொல்லிக் கீச்சிடும். தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அதைக் கரைதான் கண்டுபிடிக்க வேண்டும். கரை நெடுகப் பதினான்கு ஊர்களில் மாதா கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, தண்ணீர்த் தொட்டி என்று எது உயரமோ அதன் தலையில் ஒரு ரிசீவர். பழைய ரேடியோ போல் திருகும் குமிழும் முள்ளும் கிடையாது. விரல் நீளக் குச்சி ஒன்று, சின்னக் கணினி ஒன்று, மீதியெல்லாம் மென்பொருள். ஒரு குருவியின் குரலை இரண்டு மூன்று கோபுரங்கள் கேட்கும். எது எவ்வளவு உரக்கக் கேட்டது என்று ஒப்பிட்டு, நகரத்தில் இருக்கும் மையக் கணினி படகு நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கும்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த ரிசீவர்கள்கூட ஒன்றுபோலக் கேட்பதில்லை என்பதுதான் சங்கடம். ஒன்றுக்குக் காது கூர்மை, இன்னொன்றுக்கு மந்தம். கேபிள் நீளம், வெயில், உப்புக்காற்று என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கெடுக்கும். ஒரே மீனைப் பதினான்கு தராசில் நிறுத்தால் பதினான்கு எடை வரக்கூடாது அல்லவா. அதனால் நான் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். எப்போதும் மாறாத வலுவில் அது பேசும். அலுவலகத்தில் அதற்குப் படிக்கல் என்று பெயர். ரிசீவர் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிட்டு, படிக்கல்லைப் பேச வைத்து, பதினான்கும் ஒரே எண்ணைக் காட்டும்வரை ஒவ்வொன்றையும் கூட்டியோ குறைத்தோ வைப்பேன். எண் பிசகினால் புள்ளி பிசகும். ஒரு கோபுரம் ஆறு டெசிபல் கூடுதலாகக் கேட்டால் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் படகு இருபதில் இருப்பதாகத் தெரியும். பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். என் கையில் எண் பிசகியதில்லை என்று பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் ஊர் புன்னைத்துறை. எங்கள் கோயில் கோபுரத்தின் அடியில், எல்லா ஊரிலும் இருப்பதுபோல, ஒரு விளக்குப் பலகை உண்டு. படகுக்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பத்துச் சின்ன விளக்கு. அந்த ஊர்க் கோபுரம் படகை எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ அத்தனை விளக்கு எரியும். விளக்கு ஒன்றுக்கு மூன்று டெசிபல் என்பது எனக்குத்தான் கணக்கு. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது வேறு. ஐந்து விளக்கு என்றால் பாரில், அந்தக் கடலடிப் பாறைத் திட்டில், வலை போட்டிருக்கிறார்கள். எட்டாவது விளக்கு எரிந்தால் படகு திரும்பிவிட்டது, உலை வைக்கலாம். புன்னைத்துறையில் கடிகாரம் பார்த்து யாரும் சோறு பொங்குவதில்லை.

போன ஐப்பசியில் படிக்கல்லை வைத்துப் பார்த்தபோது எங்கள் கோபுரம் மற்றவற்றைவிட ஆறு கூடுதலாகக் காட்டியது. புதிய ஆன்டெனா, நல்ல கேபிள். விதிப்படி ஆறு குறைத்து வைத்துவிட்டு இறங்கினேன். அரை மணி நேரத்தில் பலகை முன்னால் கூட்டம். எல்லாப் படகுக்கும் இரண்டு விளக்கு அணைந்துவிட்டது.

பிரகாசி மைனிதான் முதலில் என்னிடம் வந்தாள். என் அண்ணன் கஸ்பாரின் மனைவி. அண்ணன் படகில்தான் என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸும் போவார்.

"ஏட்டி டெல்பின், என்ன பண்ணி வச்சிருக்க? அவுக ஏழு விளக்குல இருந்தாவ. இப்ப அஞ்சு."

"அண்ணன் இருந்த இடத்துலதான் இருக்கான் மைனி. கோபுரத்தோட காதைத்தான் கொஞ்சம் அடைச்சிருக்கேன்."

"அடைக்காத. நல்லாக் கேக்குத காதை எதுக்கு அடைக்கணும்?"

"மத்த ஊர்க் கோபுரத்தோட ஒத்துப்போகணும்லா."

"மத்த ஊர்க்காரி அவ ஊர் விளக்கைப் பாத்துக்கிடட்டும். நாங்க இதைப் பாத்துத்தான் உலை வைக்கோம், இதைப் பாத்துத்தான் படுக்கோம். ரெண்டு விளக்கு குறைஞ்சா நெஞ்சு அடிச்சிக்கிடுது. எனக்காவது உங்க அண்ணன் ஒருத்தர். அந்தக் கிழவி செபஸ்தியம்மாளுக்கு மூணு மகன். நீ விளக்கம் சொன்னா அவ மண்டையில ஏறுமா?"

பலகையின் அளவை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்த்தேன். அதைச் செய்த கம்பெனியை மூடி நான்கு வருடமாகிறது. திறக்க வழியில்லை. கடைசியில் மறுபடி ஏறி, ரிசீவரைப் பழைய அளவிலேயே வைத்தேன். அந்த ஆறை மையத்தில் கழித்துக்கொண்டால் போதும். அங்கே ஒரு அட்டவணை உண்டு. புன்னைத்துறைக்கு நேராக 'மைனஸ் ஆறு' என்று போட்டேன். கணக்கு ஒன்றுதான். இங்கே குறைத்தாலும் அங்கே கழித்தாலும் புள்ளி ஒரே இடத்தில்தான் விழும். சோதித்தும் பார்த்தேன், விழுந்தது.

பதிவேட்டில் மட்டும் எழுதவில்லை. எழுதினால் ஏன் விதியை மீறினாய் என்று கேட்பார்கள், பெண்கள் உலை வைக்க வேண்டுமாம் என்றா பதில் சொல்வது. இறங்கி வந்தபோது பலகையில் ஏழு விளக்கு எரிந்தது. மைனி எனக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கணவாய் கொடுத்தனுப்பினாள்.

மாசியில் அண்ணன் படகு திரும்பவில்லை. அண்ணன், ரெமிஜியுஸ், இன்னும் இரண்டு பேர். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். குருவி மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சரியாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பலகையில் மூன்று விளக்கு.

"மூணு விளக்குன்னா கோட்டுப் பக்கம்லா," என்றாள் மைனி, முதல் நாளே.

நான் மையத்துக்குப் போன் போட்டேன். தாணுலிங்கம் சார் எடுத்தார். மையத்தில் அட்டவணைக்கும் கணினிக்கும் அவர்தான் பொறுப்பு. சட்டைப் பையில் இருக்கும் இரண்டு பேனாவும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். புள்ளி கிழக்கே இருபது கிலோமீட்டரில் விழுகிறது என்றார். அட்டவணை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "சுத்தமா இருக்கும்மா. நானே பாத்தேன்," என்றார். அவர் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

"விளக்கை வச்சுத் தூரம் சொல்ல முடியாது மைனி. கோபுரங்க சேந்து சொல்லுததுதான் சரி. இருபதுலதான் இருக்காங்க," என்று நான்தான் சொன்னேன்.

ரோந்துக் கப்பல் இருபதைச் சுற்றிச் சுற்றித் தேடியது. ஊர்ப் படகுகளும் அங்கேயே தேடின. ஆறு நாள் நான் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. கீச்சு வருகிறது, விளக்கு எரிகிறது, படகு இல்லை. நீரோட்டம் என்றார்கள், எதிரொலி என்றார்கள். ஆறாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு விளக்கு எரிந்தது, பதினொன்று இருபதுக்கு எரியவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத நான்கு கல்லறைகளுக்குச் சிலுவை நட்டோம்.

அப்புறம் ஆடிக் காற்று. அந்த மாதம் எங்கள் ஊரிலிருந்தே இன்னொரு படகு திரும்பவில்லை. மூன்று பேர். அதில் இரண்டு பேர் செபஸ்தியம்மாளின் மகன்கள். குருவி கீச்சிட்டது. மையம் இருபத்தோரு கிலோமீட்டர் என்றது. கப்பல் ஒரு நாள் முழுக்க இருபத்தொன்றைச் சலித்துவிட்டு ஒன்றுமில்லை என்றது.

இரண்டாம் நாள் காலை பலகையைக் கடந்து போனேன். செபஸ்தியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். "மூணு விளக்கு. கோட்டுகிட்டதான் கெடக்கான்வ என் பிள்ளைய. இருபதுலயாம்ல."

போன தடவை இதே வாக்கியத்துக்கு நான் பதில் சொன்னேன். இந்தத் தடவை வீட்டுக்குப் போய்ப் படிக்கல்லை எடுத்து வந்து கோபுரம் ஏறினேன். ரிசீவர் நான் ஐப்பசியில் வைத்த அளவிலேயே இருந்தது. ஆறு கூடுதல், ஒரு பிசகும் இல்லை. அங்கிருந்தே மையத்துக்குப் பேசினேன்.

"தாணு சார், புன்னைத்துறைக்கு அட்டவணையில என்ன எண் இருக்கு?"

"பூஜ்யம்மா. பதினாலும் பூஜ்யம்தான்."

"மைனஸ் ஆறு இருக்கணும்."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அது நீங்க போட்டதா?"

"நான்தான் போட்டேன். ஐப்பசில."

"பதிவேட்டுல ஒண்ணும் இல்லையேம்மா. வருஷாந்திரச் சோதனைக்குத் தேடிப் பாத்தேன். உங்க ஸ்டேஷன் எதுவும் ஒரு முடிகூடப் பிசகாது, இது யாரோ கைதவறிப் போட்டதுன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"தை மாசம். பொங்கல் முடிஞ்சு."

தைக்கு அப்புறம் மாசி. மேலே நல்ல காற்று. ஆன்டெனாவைக் கட்டிய கம்பி சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்குத் தலை சுற்றும், கீழே விழுவேன் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"டெல்பின்," என்றார் அவர்.

"மொதல்ல அந்த ஆறைத் திருப்பிப் போடுங்க சார். புள்ளி எங்க விழுதுன்னு பாருங்க."

நாற்பத்தொன்றில் விழுந்தது. கோடு முப்பத்துமூன்றில் இருக்கிறது. அதாவது கோட்டுக்கு எட்டு கிலோமீட்டர் அந்தப் பக்கம்.

கப்பல் அதிகாரி லைனில் வந்தார். கோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அந்தக் கரைக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்குக் காரணம் எழுத்தில் வேண்டும்.

"நேத்துவரை இருபத்தொண்ணுன்னு சொன்னீங்க. இன்னைக்கு நாற்பத்தொண்ணுங்கறீங்க. எதனால மாறிச்சு, எந்தத் தேதியிலேர்ந்து தப்பா இருந்துச்சு, ரெண்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அது இல்லாம நான் ஒரு அடி நகர முடியாது," என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாணு சார் லைனிலேயே இருந்தார். அதிகாரி வைத்ததும் மெல்லச் சொன்னார்.

"உப்புல கேபிள் அரிச்சிருச்சுன்னு எழுதிருவோமா. போன வாரத்துல இருந்துன்னு போடலாம். இவங்க மூணு பேரும் கெடச்சிருவாங்க. மாசியை யாரும் தோண்ட மாட்டாங்க. உங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

யோசித்துப் பார்த்தேன். நல்லவளாக இருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. அந்தப் பொய் நிற்குமா என்றுதான் பார்த்தேன்.

"கேபிள் அரிச்சா கோபுரத்துக்குக் காது மந்தமாகும் சார், கூர்மையாகாது. நாற்பதுல இருக்கதை எண்பதுன்னு சொல்லும், இருபதுன்னு சொல்லாது. அந்த ஆபீசர் படிச்சவர், கேட்டுருவார். கேட்டு முடிக்கதுக்குள்ள பொழுது போயிரும்."

"அப்ப என்ன எழுத?"

"நடந்ததை எழுதுங்க. ஐப்பசில நான் வச்சேன், பதிவு பண்ணல. தையில நீங்க எடுத்தீங்க. அதுல இருந்து தப்பு. தேதியைப் போடுங்க."

அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஓய்வு பெற அவருக்கு ஏழு மாதம் இருந்தது. அனுமதி பிற்பகல் இரண்டேகாலுக்கு வந்தது. ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும்போது கப்பல் அவர்களைக் கண்டுபிடித்தது. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. ஒருவனுக்கு மட்டும் பேச்சு வரவில்லை, தண்ணீர் கொடுத்த பிறகு வந்தது.

கோயில் மணி அடித்தார்கள். வேட்டு போட்டார்கள். செபஸ்தியம்மாள் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். அவள் விட்ட பிறகும் நான் அந்தக் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். யாரோ பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தாணு சார் பஸ் ஏறி வந்தார். மாசி மாதத்துக் கீச்சுகள் முழுவதையும், எண்ணூற்றுச் சொச்சம், ஒரு கணினியில் போட்டு எடுத்து வந்திருந்தார். ஆறைக் கழித்து மறுபடி ஓட்டிப் பார்க்க அவருக்குத் தனியாகத் தைரியமில்லை. கோயில் நூலக அறையில் உட்கார்ந்து ஓட்டினோம். ஒரு புள்ளி தப்பாக விழலாம், எண்ணூறு புள்ளி சேர்ந்து தப்பாக விழாது. ஆறு நாளின் பாதை கோடாக வந்தது.

முதல் நாள் நாற்பத்து நான்கில் இருந்திருக்கிறார்கள். சும்மா மிதக்கவில்லை. நீரோட்டம் வடக்கே இழுக்கிற மாதம் அது, ஆனால் கோடு மேற்கே, கரையைப் பார்த்து வருகிறது. எதையோ பாய் மாதிரி கட்டியிருக்க வேண்டும், இல்லை முறை வைத்துத் துடுப்புப் போட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பிற்பகல் முப்பத்தாறு. அப்படியே வந்திருந்தால் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நம் படகுகள் ஓடும் இடத்துக்கு வந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு மேல் கோடு சட்டென்று தெற்கே வளைந்தது.

"இது என்னது?" என்றார் தாணு சார். "எதுக்குத் தெக்க போனாங்க?"

கப்பலின் பாதையும் அவரிடம் இருந்தது. அதை மேலே போட்டோம். அன்று கப்பல் தன் கடைசி ஓட்டமாகக் கிழக்கே முப்பதுவரை வந்து, அங்கிருந்து தெற்கே திரும்பியிருக்கிறது. படகின் கோடு அதன் பின்னாலேயே போகிறது. நான்கு மணி நேரம் போகிறது. நான்கு மணி நேரத்தில் கப்பல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. படகின் கோடு ஒரு இடத்தில் நின்று, பிறகு நீரோட்டத்தோடு வடக்கே போகத் தொடங்கியது. அதன் பிறகு மூன்று நாளும் கோடு மேற்கே திரும்பவே இல்லை.

தாணு சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். ஆண்பிள்ளை அப்படிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை. நான் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

"விசாரணையில இதைக் கேட்டா?" என்றார்.

"கேட்டா குடுங்க. கேக்காட்டி நீங்களா குடுக்காதீங்க. யாரும் தெரிஞ்சுக்க வேண்டாம்."

விசாரணை கோயில் மண்டபத்திலேயே நடந்தது. நகரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பொறுமையான மனுஷி. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. எப்போது, எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"விதிப்படி ஆறு குறைச்சிருக்கீங்க. அரை மணி நேரத்துல மறுபடி ஏறிக் கூட்டியிருக்கீங்க. உங்களை யாராவது கேட்டுக்கிட்டாங்களா?"

மூன்றாவது வரிசையில் பிரகாசி மைனி இருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் கேக்கல. நானாத்தான் வச்சேன்," என்றேன்.

அன்று பலகை முன்னால் கூடியிருந்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னையும் தாணு சாரையும் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். அண்ணன் படகில் போன மற்ற இரண்டு பேரில் ஒருவனின் மனைவி என் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன், அதற்காவது நான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு வாசலைப் பெருக்கினேன்.

மைனி மறுநாள் மத்தியானம் வந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் கேட்டதைச் சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.

"சொல்லி என்ன ஆகப் போகுது மைனி."

"மாசியில அவுக எங்க இருந்தாவன்னு இப்பத் தெரியுமா?"

"தெரியும். கோட்டுக்கு அங்கிட்டு. நீ சொன்ன எடம்தான்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"கப்பல் தேடுனது அவுகளுக்குத் தெரிஞ்சிருக்குமா? கப்பலைப் பாத்திருப்பாவளா?"

வடிதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வதற்கு அது வசதியாக இருந்தது.

"இல்ல மைனி. ரொம்பத் தூரம். பாத்திருக்க வழியே இல்ல."

கஞ்சி முழுக்க வடிந்தது. நான் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் நாள் வீட்டுக்கு ஒருத்தர்னு கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. நீ பலகையை விட்டு எந்திரிக்கல. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நான்தான் போனேன்," என்றாள். "மத்தியானம் ஒரு மூணு மணி இருக்கும். கெழக்க ரொம்பத் தூரத்துல வெள்ளையா ஒரு பொட்டு. ஏறி இறங்குது, துணி அசையுத மாதிரி. ஆபீசர்கிட்டக் காட்டுனேன். அவரு தூரக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. நுரைன்னுட்டாரு. கோபுரம் அங்க ஒண்ணும் சொல்லலம்மா, தெக்கதான் சொல்லுதுன்னாரு. கப்பலைத் திருப்பிட்டாவ."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நான் கத்தியிருக்கணும்," என்றாள் மைனி. "கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு நகர மாட்டேன்னு நின்னுருக்கணும். கோபுரத்தை அளந்து வச்சது டெல்பின்லா, அவ அளந்தா தப்பாதேன்னு வாயை மூடிக்கிட்டேன். திரும்பிப் போகையில அந்தப் பொட்டு நம்ம பின்னாலயே வந்த மாதிரி இருந்துச்சு. அதையும் நுரைன்னு நெனச்சுக்கிட்டேன்."

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஐந்து மாதமும் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். முப்பதாம் நாள் பூசையில் என் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். நான் வேலைக்குப் போன நாட்களில் எனக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

"ஏன் மைனி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ செஞ்ச வேலை தப்புன்னு ஆயிருமேட்டி," என்றாள். "உனக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.